ஆறு மில்லிமீட்டர்

வெளியே நின்று பார்த்தால் டயரில் ஒரு குறையும் தெரியாது. வெளி ஓரத்தில் ரப்பர்ப் பட்டன்கள் புதிதாகவே இருக்கும். காரைத் தூக்கி, கீழே குனிந்து, விளக்கடித்து உள் ஓரத்தைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அங்கே ரப்பர் வழுவழுவென்று மொட்டையாகியிருக்கும். இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் கம்பியே வெளியே வந்திருக்கும். வாங்கிச் சில ஆயிரம் மைல்தான் ஆகியிருக்கிறது என்று மீட்டர் சொல்லும்.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அக்யூரா என்எஸ்எக்ஸ் வாங்கிய பலர் இந்தக் காட்சியைக் கண்டார்கள். ஜப்பானில் அதே கார் ஹோண்டா என்எஸ்எக்ஸ். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் 3 லிட்டர் வி6 எஞ்சின், நிமிடத்துக்கு 8000 சுற்று வரை பாடும். உடல் முழுக்க அலுமினியம். 1989 பிப்ரவரியில் சுசுகா பந்தயத் தளத்தில் இதன் மாதிரி வண்டியை ஓட்டிப் பார்த்த ஃபார்முலா 1 வீரர் அயர்டன் சென்னா, கார் கொஞ்சம் பலவீனமாக இருப்பதுபோல் தோன்றுகிறது என்று பொறியாளர்களிடம் சொன்னார். அவர்கள் வண்டியை ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தளத்துக்கு எடுத்துப்போய், மாதக்கணக்கில் ஓட்டி, உடலின் விறைப்பை ஏறத்தாழ 50 சதவீதம் கூட்டினார்கள். இத்தனை கவனமாகச் செய்த காருக்குப் பின் டயர் இவ்வளவு சீக்கிரம் தேய்வானேன்?

தயாரிப்பில் தவறு எதுவும் நேரவில்லை. பின் சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று பொறியாளர்கள் வரைபடத்தில் எழுதினார்களோ, அந்தக் கோணத்தில்தான் நின்றன. தேய்மானத்துக்குக் காரணம் அந்தக் கோணமேதான்.

நான்கு சக்கரமும் நூல் பிடித்தாற்போல் நேராக நிற்பதுதான் நியாயம் என்று நமக்குத் தோன்றும். உண்மையில் பெரும்பாலான கார்களில் அப்படி நிற்பதில்லை. வீல் அலைன்மென்ட் கடையில் கம்ப்யூட்டர் திரையில் வரும் மூன்று சொற்கள் டோ, கேம்பர், காஸ்டர். மேலே வானத்திலிருந்து பார்த்தால் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பது டோ. முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது கேம்பர். காஸ்டர் என்பது ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் சாய்வு. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் போன்றது அது. கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். டயரைத் தின்பதில் காஸ்டருக்குப் பெரிய பங்கு கிடையாது. அதை இங்கேயே விட்டுவிடுகிறேன். நம் கதை முதல் இரண்டைப் பற்றியது, அதிலும் முக்கியமாக டோவைப் பற்றியது.

நடக்கும்போது சிலர் இரு கால் கட்டைவிரல்களும் ஒன்றையொன்று பார்ப்பதுபோல் பாதத்தை உள்பக்கம் திருப்பி வைப்பார்கள். சக்கரங்கள் அப்படி நின்றால் டோ-இன். பாதம் வெளியே விரிந்தால் டோ-அவுட். முதல் இரண்டு ஆண்டுகளில் வந்த என்எஸ்எக்ஸ் கார்களின் பின் சக்கரங்களுக்கு 6 மி.மீ. டோ-இன் விதித்திருந்தார்கள். அதாவது, இரண்டு பின் சக்கரங்களின் முன் விளிம்புகளுக்கு இடையிலான தூரம், பின் விளிம்புகளுக்கு இடையிலான தூரத்தைவிட 6 மி.மீ. குறைவு. ஒரு சக்கரத்தின் பங்கு 3 மி.மீ. அந்தக் காரின் பின் டயர் விட்டம் சுமார் 63 செ.மீ. இவ்வளவு பெரிய வட்டத்தில் 3 மி.மீ. என்றால் கால் டிகிரிக்குச் சற்று மேல். கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் சாலைக்குத் தெரியும். 63 செ.மீ.க்கு 3 மி.மீ. என்ற விகிதத்தை அப்படியே நீட்டிப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4.75 மீட்டர் வரும். கார் ஒரு கிலோமீட்டர் நேராகப் போகிறது. ஆனால் ஒவ்வொரு பின் சக்கரமும் நாலே முக்கால் மீட்டர் உள்ளே போக ஆசைப்படுகிறது. இடது சக்கரம் வலப்பக்கம் இழுக்க, வலது சக்கரம் இடப்பக்கம் இழுக்க, இரண்டு இழுப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகள் ஒன்றையொன்று தோளால் நெருக்கிக்கொண்டு நடந்தாலும் வண்டி நேராகத்தான் போகும். தோல் உரிவது மாடுகளுக்கு. 10,000 கிலோமீட்டரில் இப்படி ஈடுகட்டப்பட்ட ஆசையின் கணக்கு 47 கிலோமீட்டருக்கு மேல்.

இதை வைத்து, டயர் 47 கிலோமீட்டர் பக்கவாட்டில் தரதரவென்று இழுபட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ரப்பர் ரப்பராக இருப்பதால் நடப்பது அதைவிட நுட்பமானது. ஒரு காரின் ஒரு டயர் எந்த நேரத்திலும் தரையைத் தொடும் பரப்பு ஓர் அஞ்சலட்டையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. என்எஸ்எக்ஸின் பின் டயர் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 400 கிலோ எடையை அந்தப் பரப்பில் தாங்குகிறது. டயர் சுழலும்போது ஒரு பட்டன் இந்த அஞ்சலட்டையின் முன் ஓரத்தில் தரையைத் தொடுகிறது. தொட்ட இடத்தை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. சக்கரமோ சற்றே கோணலாக உருண்டுகொண்டிருக்கிறது. பட்டனின் கால் தரையில் நிலைத்திருக்க, அதன் தலை டயரோடு மெல்ல வெளிப்பக்கம் நகர்கிறது. அஞ்சலட்டையின் எட்டு, பத்து சென்டிமீட்டரைக் கடப்பதற்குள் பட்டன் சுமார் 0.4 மி.மீ. வளைந்துவிடும். பின் ஓரத்தை நெருங்கும்போது மேலேயிருந்து அழுத்தும் எடை குறைகிறது. அதற்குமேல் பிடி நிற்காது. வளைந்த ரப்பர் வெடுக்கென்று நிமிர்கிறது. அந்த ஒரு கணத்தில், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தூரம், அது சாலையை உரசுகிறது. தேய்மானத்தில் பெரும்பகுதி நடப்பது அந்த இடத்தில்தான்.

மேசையில் ஓர் அழிரப்பரை வைத்து அழுத்தியபடி மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். முதலில் நகராமல் வளையும். பிறகு சட்டென்று வழுக்கும். அந்தச் சட்டென்ற வழுக்கலில்தான் துகள் உதிரும்.

அந்த டயர் ஒரு கிலோமீட்டருக்கு 500 தடவைக்கு மேல் சுற்றும். 10,000 கிலோமீட்டருக்கு 50 லட்சம் தடவை. புதிய டயரில் தேயக்கூடிய ரப்பர் 6, 7 மி.மீ. இருக்கும். பத்தாயிரம் கிலோமீட்டரிலேயே அது தீர்ந்துபோனதாக வைத்துக்கொண்டாலும், ஒரு தடவை தரையைத் தொட்டு எழும்போது கரைவது ஒரு நானோமீட்டருக்குச் சற்று மேல், அதாவது மூலக்கூறுகளின் அளவு. டயரைச் சீக்கிரம் தின்கிறது என்று நாம் திட்டும் காரும் ஒரு சுற்றுக்கு இவ்வளவுதான் தின்கிறது. இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது, ரப்பரின் மேல் எனக்கு இருந்த மரியாதை பல மடங்கு கூடியது.

ரப்பர் எப்படித் தேய்கிறது என்பதை வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர் அடால்ஃப் ஷல்லமாக். பிரிட்டனில் ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றினார். ஒரே திசையில் உரசப்படும் ரப்பரின் மேல், உரசும் திசைக்குக் குறுக்காக வரிவரியாக மேடுகள் எழுவதை அவர் 1950களில் விரிவாக ஆராய்ந்தார். கடற்கரை மணலில் காற்று போடும் வரிகளைப் போன்றவை அவை. ஒவ்வொரு மேட்டின் நுனியும் நாக்கைப்போல் மடங்கி, இழுபட்டு, அடியில் கிழிந்து, கடைசியில் அறுந்து விழுகிறது. 1971-ல் இன்னொன்றையும் காட்டினார். மென்மையான ரப்பர் வழுக்கும்போது முழுப் பரப்பும் ஒன்றாக நகர்வதில்லை. தரையைத் தொட்டிருக்கும் பரப்பில் சிறு மடிப்பலைகள் எழுந்து ஓடுகின்றன. பாயில் ஒரு சுருக்கத்தை உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போனால் பாய் கொஞ்சம் நகர்ந்துவிடுமே, அதுபோல. இன்றும் அவற்றுக்கு ஷல்லமாக் அலைகள் என்றுதான் பெயர்.

டோ எவ்வளவு கூடினால் தேய்மானம் எவ்வளவு கூடும்? இரண்டு மடங்கு கோணம் என்றால் இரண்டு மடங்கு தேய்மானம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கோணம் கூடும்போது இரண்டு காரியங்கள் ஒருசேரக் கூடுகின்றன. ஒன்று, பக்கவாட்டு விசை. மற்றொன்று, அந்த விசையோடு ரப்பர் நகரும் தூரம். விசையையும் தூரத்தையும் பெருக்கினால் வருவது ஆற்றல். அதனால் சிறிய கோணங்களில், உரசலில் செலவாகும் ஆற்றல் கோணத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. கோணம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. 1993 மாடலிலிருந்து ஹோண்டா பின் சக்கர டோ-இன்னை 6 மி.மீ.யிலிருந்து 4 மி.மீ.க்குக் குறைத்தது. கோணத்தில் மூன்றில் ஒரு பங்குதான் குறைவு. நேர்ச் சாலையில் டோவால் வீணாகும் ஆற்றலோ பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இரண்டே மில்லிமீட்டர் செய்த வேலை இது.

அப்படியென்றால் முதலிலேயே 4 வைத்திருக்கலாமே, ஏன் 6? எஞ்சின் இருக்கும் இடத்தில் பதில் இருக்கிறது. என்எஸ்எக்ஸின் எடையில் ஏறத்தாழ 58 சதவீதம் பின் சக்கரங்களின் மேல் இருக்கிறது. வளைவில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது முன்னால் ஏதோ குறுக்கே வருகிறது, ஓட்டுபவர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே எடை முன்பக்கம் சாய்கிறது. பின் டயர்களை அழுத்தும் எடை குறைகிறது. அவற்றின் பிடியும் குறைகிறது. பின்பகுதியோ கனமானது, வெளியே வீசிக்கொண்டு போகத் துடிப்பது. ஒரு கணம் தவறினால் வண்டி பம்பரமாகிவிடும்.

டோ-இன் காப்பாற்றுவது அந்தக் கணத்தில்தான். எந்த டயரும் சற்றே கோணலாக உருண்டால்தான் பக்கவாட்டு விசை தரும். நேராக நிற்கும் டயர் வளைவில் நுழைந்தபின் அந்தக் கோணத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். உள்பக்கம் திரும்பி நிற்கும் வெளிப்பக்கப் பின் டயரிடமோ அந்தக் கோணம் ஏற்கெனவே இருக்கிறது. அழைத்த மாத்திரத்தில் விசை தருகிறது. இன்னொரு காரணமும் உண்டு. சஸ்பென்ஷன் கைகளை உடலோடு இணைக்கும் இடங்களில் ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. பிரேக் பிடிக்கும்போதும் காலை எடுக்கும்போதும் அவை நசுங்கி, சக்கரத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பிவிடும் சஸ்பென்ஷன்கள் உண்டு. முன்கூட்டியே உள்பக்கம் திருப்பி வைத்தால், நசுங்கிய பிறகும் சக்கரம் டோ-அவுட் ஆகாமல் தப்பிக்கும்.

ஆக, பொறியாளர்கள் ஆபத்தில் உதவும் ஒரு நிதானத்தை வாங்கினார்கள். அதற்கான விலையை ஒவ்வொரு கிலோமீட்டரும் ரப்பராகக் கட்டச் சொன்னார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை, மழையில் நனைந்த ஒரு வளைவில் பயன்படப்போகும் நிதானம் அது. அதற்காக நெடுஞ்சாலையில் நேராகப் போகும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரிலும் டயர் தேய்கிறது. அவர்கள் செய்தது சரியென்றே நினைக்கிறேன். டயர் மாற்றக்கூடியது.

எப்போதும் விலை கட்டாமல், தேவைப்படும்போது மட்டும் டோ-இன் கிடைக்க வழி இல்லையா என்று அதற்கு முன்பே யோசித்தவர்கள் இருக்கிறார்கள். 1977-ல் வந்த போர்ஷே 928 காரின் பின் அச்சுக்கு, அந்நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கும் ஊரின் பெயரையே வைத்து வைசாக் அச்சு என்றார்கள். சாதாரண புஷ்கள் எந்த விசையால் நசுங்கிச் சக்கரத்தை வெளியே திருப்புகின்றனவோ, அதே விசையால் சக்கரம் உள்ளே திரும்பும்படி இணைப்புகளை அமைத்திருந்தார்கள். வளைவில் காலை எடுத்தால் பின் சக்கரம் தானே டோ-இன்னுக்குப் போகும். நேர்ச் சாலையில் பெரிய கோணம் தேவைப்படாது. எனக்குத் தெரிந்த சஸ்பென்ஷன் யோசனைகளில் மிக அழகானவற்றுள் ஒன்று இது.

என்எஸ்எக்ஸை உருவாக்கிய குழுவின் தலைவர் ஷிகெரு உஎஹாரா பிறகு ஹோண்டா எஸ்2000 காரையும் உருவாக்கினார். 1999-ல் வந்த அந்தக் காரில், பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது டோ-இன் கூடும், எழும்போது குறையும். வேகமாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அது சிலிர்ப்பு, தெரியாதவர்களுக்குத் திகில். 2004-ல் வந்த மாற்றங்களில், அமுங்கும்போது டோ மாறுவதைக் குறைத்தார்கள். சக்கரத்தின் கோணம் என்பது அலைன்மென்ட் மேடையில் ஒரு முறை அளந்து எழுதும் எண்ணோடு முடிவதில்லை. ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் அது மாறிக்கொண்டே இருக்கிறது.

இனி, டயரின் உள் ஓரம் மட்டும் ஏன் மொட்டையானது என்ற கேள்வி. டோ-இன் மட்டும் இருந்தால் வெளி ஓரமே அதிகம் தேய வேண்டும். உள் ஓரத்துக்குக் காரணம் கேம்பர். என்எஸ்எக்ஸின் பின் சக்கரங்களின் மேற்பகுதி உள்பக்கமாகச் சுமார் 1.5 டிகிரி சாய்ந்திருக்கும். இதை நெகட்டிவ் கேம்பர் என்பார்கள். டயரின் மிதிபரப்பு 20 செ.மீ. அகலம் என்றால், எடை ஏறுவதற்கு முன் அதன் உள் ஓரம் வெளி ஓரத்தைவிட 5 மி.மீ. தாழ்ந்து நிற்கும். எடை ஏறியதும் டயர் நசுங்கி முழு அகலமும் தரையைத் தொடும். ஆனாலும் உள் ஓரம்தான் அதிகம் அழுந்தும்.

சாய்ந்த சக்கரம் இன்னொன்றும் செய்யும். வாய் அகன்ற டம்ளரைப் படுக்க வைத்து உருட்டினால் நேராகப் போகாமல் வட்டமடிக்கும். சாய்ந்து உருளும் டயரும் ஒரு கூம்பின் துண்டைப் போலத்தான், வட்டமடிக்கவே பார்க்கும். அதை நேராக ஓடவைத்தால், உள் ஓரமும் வெளி ஓரமும் ஒரே வேகத்தில் உருள முடியாமல் கொஞ்சம் உரசும். இந்த உரசல் மட்டும் தனியாக இருந்தால் பெரிய சேதம் வராது. மெக்கானிக்குகள் அனுபவத்தில் சொல்வது சரி: கேம்பர் டயரைக் கொஞ்சமாகக் கடிக்கும், டோதான் விழுங்கும். இரண்டும் சேர்ந்தால் கதையே வேறு. டோ உரசலை உண்டாக்குகிறது. கேம்பர் அந்த உரசலை எல்லாம் உள் ஓரத்தின் சில சென்டிமீட்டரில் குவிக்கிறது. அதனால்தான் வெளியே நின்று பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போனது.

அதே கேம்பர் பந்தயத் தளத்தில் டயரைக் காப்பாற்றும். வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது டயரும் கூடவே சாய்ந்து, வெளி ஓரத்தில் நிற்கும். முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்திருந்தால், அந்த நேரத்தில் டயர் நிமிர்ந்து முழுப் பாதமும் ஊன்றும். தளத்தில் ஓட்டுபவர் 1 டிகிரி கேம்பரோடு போனால் வெளி ஓரத்தைக் கரைத்துக்கொண்டு திரும்புவார். 3 டிகிரியோடு போனால் டயர் சீராகத் தேயும். அதே 3 டிகிரியோடு தினமும் நெடுஞ்சாலையில் அலுவலகம் போனால் உள் ஓரம் காலி. அதனால், சரியான கேம்பர் எவ்வளவு என்று யாராவது கேட்டால், எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

உச்சத்தில் இது உயிர் விஷயம். 2011 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஸ்பா தளத்தில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்துக்கு, முன் சக்கரக் கேம்பர் 4 டிகிரியைத் தாண்ட வேண்டாம் என்று டயர் தயாரித்த பிரெல்லி நிறுவனம் பரிந்துரைத்திருந்தது. ரெட் புல் அணி அதற்குக் கொஞ்சம் மேலே போனது. ஸ்பாவின் நீண்ட நேர்ப் பாதைகளில், எடையெல்லாம் உள் ஓரத்தின் ஒடுங்கிய பட்டையில் ஏறி, ரப்பர் உள்ளே சூடாகி, தகுதிச் சுற்று முடிந்தபோது டயர்களில் கொப்புளங்கள் எழுந்திருந்தன. விதிப்படி அதே டயர்களில்தான் பந்தயத்தைத் தொடங்க வேண்டும். முதல் சில சுற்றுகளிலேயே உள்ளே வந்து டயரை மாற்றினார்கள். அந்த அணியின் வெட்டல் வென்றார், வெப்பர் இரண்டாவது. மகிழ்ச்சியைவிடப் பதற்றமே அதிகம் இருந்த வெற்றி அது. 2013-ல் சில்வர்ஸ்டோனில் பல கார்களின் டயர்கள் ஓடும்போதே வெடித்தன. அடுத்த பந்தயத்திலிருந்து கேம்பருக்கும் காற்றழுத்தத்துக்கும் உச்ச, கீழ் எல்லைகள் கட்டாயமாயின.

சூடு சில சமயம் தேவையாகவும் இருக்கும். 2020-ல் மெர்சிடிஸ் அணியின் ஹாமில்டன் பார்சிலோனா சோதனை ஓட்டத்தில் ஸ்டீயரிங்கைத் தன்னை நோக்கி இழுப்பதும் முன்னே தள்ளுவதும் கேமராவில் தெரிந்து எல்லோரும் திகைத்தார்கள். இழுத்தால், தள்ளினால் முன் சக்கரங்களின் டோ மாறும். டோவை மாற்றி, டயர் எவ்வளவு உரச வேண்டும், எவ்வளவு சூடாக வேண்டும் என்பதை ஓடும்போதே ஓட்டுநர் தீர்மானிக்க முடிந்தது. அந்த ஆண்டு மட்டும் அனுமதித்துவிட்டு, 2021 முதல் தடை செய்தார்கள்.

முதல் வரிசை என்எஸ்எக்ஸ் கார்களுக்கு இப்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. புஷ்களின் ரப்பர் இறுகிப்போயிருக்கும், அல்லது தளர்ந்திருக்கும். பலர் வண்டியைத் தாழ்த்தி வேறு ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். தாழ்த்தினாலே கேம்பர் கூடும், டோவும் நகரும். இன்றைய டயர்களின் பிடி 1990-ன் டயர்களைவிடப் பல படி மேல். அதனால் இந்தக் காரை வைத்திருப்பவர் அலைன்மென்ட் மேடையில் ஏற்றும்போது, 6-ஆ, 4-ஆ, அதற்கும் குறைவா என்று தானே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மலைச் சாலையில் மழையிலும் ஓட்டுபவர் என்றால் 4-க்குக் கீழே போக வேண்டாம் என்பேன். வண்டியில் எரிபொருள் நிரப்பி, ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்கு மூட்டையோ ஆளோ வைத்து அளந்தால்தான் எண்ணுக்கு மதிப்பு. காற்றழுத்தத்தை முதலில் சரிபார்க்க வேண்டும். மேடை கிடைக்காத இடங்களில் பந்தயக் குழுக்கள் இன்றும் கொத்தனாரைப்போல வண்டியின் இருபுறமும் நூல் கட்டி, நூலுக்கும் ரிம்முக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளக்கிறார்கள். அரை மில்லிமீட்டர் வரை பிடித்துவிடுவார்கள்.

அளந்து முறுக்கிய பிறகு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, வண்டி ஆறியதும் அதைத் தூக்கி, டயரின் மேல் உள்ளங்கையை வையுங்கள். வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு மெல்லத் தடவுங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே. கம்பி ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் கண்ணால் பார்த்துவிட்டுத் தடவுங்கள். உள்ளே போகும்போது வழுவழுப்பாகவும் வெளியே வரும்போது ரம்பப் பல்லைப்போல் சுரசுரப்பாகவும் இருந்தால் டோ-இன் இன்னும் அதிகம். மாறி இருந்தால் டோ-அவுட். இரண்டு திசையிலும் ஒன்றுபோல் இருந்தால் வண்டியைக் கீழே இறக்கலாம்.